மதியம் நாக்கைத் தொங்கவிடும் மாட்டுக்குக் காய்ச்சல் ஊசி போடலாமா?

கேள்வி: ராசிபுரம் பக்கத்துக் கிராமத்திலிருந்து எழுதுகிறேன். எங்கள் எச்.எஃப். (ஹோல்ஸ்டீன் ஃபிரீசியன் என்ற வெளிநாட்டுக் கறவை இனம்) கலப்பின மாடு இரண்டாம் ஈற்று, கன்று போட்டு 2 மாதம் ஆகிறது. 14 லிட்டர் கறந்தது, இந்தச் சித்திரை வெயிலில் 10 லிட்டருக்கு வந்துவிட்டது. பால் சொசைட்டியில் கொழுப்பும் குறைவாகக் காட்டுகிறது. மதியம் 1 மணிக்கு மேல் நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைக்கிறது, எச்சில் ஒழுகுகிறது, படுப்பதில்லை, தீவனத்தை மோந்து பார்த்துவிட்டு விலகிவிடுகிறது. 3 மணிக்குத் தெர்மாமீட்டர் வைத்தால் 103.5 டிகிரி. காய்ச்சல் ஊசி போடச் சொல்கிறார்கள். கொட்டகை சிமெண்ட் ஷீட் போட்டது. என்ன செய்யலாம்?

பதில்: அம்மா, ஊசிக்கு முன்னால் ஒரு வேலை செய்யுங்கள். நாளை விடியற்காலை 5 மணிக்கு, கறவைக்கு முன், அதே தெர்மாமீட்டரை ஆசனவாயில் பக்கவாட்டுச் சதையைத் தொடுகிற மாதிரி 2 நிமிடம் வையுங்கள். சாணத்துக்குள் குத்தி நின்றால் அளவு குறைத்துக் காட்டும். 101-க்கும் 102-க்கும் இடையில் இருந்தால் உங்கள் மாட்டுக்குக் காய்ச்சல் இல்லை, வெயில்தான். விடியலிலும் 104 காட்டினால் அது நோய். உண்ணியால் வரும் தைலேரியா கலப்பின மாடுகளை இந்தப் பருவத்தில் பிடிக்கும். தோளுக்கு முன்னால் தடவிப் பார்த்தால் நெறி கட்டியிருக்கும். சிறுநீர் காபி நிறத்தில் போனாலும் தாமதிக்காமல் மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

காய்ச்சலும் வெயில் சூடும் ஒன்றல்ல. மாட்டின் மூளை, உடம்பு சுமார் 101.5 டிகிரியில் இருக்க வேண்டும் என்று ஓர் அளவு வைத்திருக்கிறது. நோய்க்கிருமி வந்தால் மூளையே அந்த அளவை உயர்த்திவிடும். காய்ச்சல் ஊசி செய்வது, உயர்ந்த அளவைத் திரும்ப இறக்குவது. வெயில் சூட்டில் மூளை வைத்த அளவு மாறவே இல்லை. அந்த அளவுக்கு இறங்கத்தான் மாடு படாதபாடு படுகிறது. அங்கே ஊசிக்கு வேலை இல்லை. தண்ணீருக்கும் காற்றுக்கும்தான் வேலை.

சூடு வெளியிலிருந்து மட்டும் வருவதில்லை. ஈரமான வைக்கோல் போருக்குள் கையை விட்டால் சுடுகிறதல்லவா, மாட்டின் பெருவயிற்றில் இரவும் பகலும் அதுதான் நடக்கிறது. தின்றது புளித்துச் செரிக்கும்போது சூடு கிளம்பும். பால் சுரப்பதும் சூட்டைக் கிளப்பும் வேலைதான். அதனால்தான் 3 லிட்டர் கறக்கும் காங்கேயம் மாடு மரத்தடியில் அசைபோட்டுக்கொண்டிருக்கும் அதே மதியத்தில் 14 லிட்டர் மாடு தவிக்கிறது. நம் நாட்டு மாட்டுக்கு வியர்வையும் அதிகம், உடம்புக்குள் பிறக்கும் சூடும் குறைவு.

உங்கள் மாடு இப்போது செய்வதை ஒவ்வொன்றாகப் பாருங்கள். தோலுக்கு அதிக ரத்தத்தை அனுப்புகிறது. உடம்பின் எல்லாப் பக்கமும் காற்றுப் பட நின்றுகொண்டே இருக்கிறது. மூச்சிரைத்து ஈரத்தை ஆவியாக்குகிறது. உள்ளே அடுப்பு குறையட்டும் என்று தீவனத்தை ஒதுக்குகிறது, பாலையும் குறைக்கிறது. அந்த 4 லிட்டர் குறைந்தது உங்களுக்கு நஷ்டம்தான், எனக்குத் தெரியும். ஆனால் மாட்டுக்கு அது உயிரைக் காத்துக்கொள்ளும் வழி. அந்த வழியை அடைக்கிற மாதிரி மதியத்தில் இன்னும் இரண்டு கிலோ கலப்புத் தீவனம் வைக்காதீர்கள்.

கொழுப்பு ஏன் குறைந்தது என்பதும் இதே கதையின் தொடர்ச்சிதான். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு மாட்டின் விலாப்பக்கம் ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் எண்ணுங்கள். சும்மா நிற்கும்போது 20 முதல் 30 வரை இருக்கலாம். 60-ஐத் தாண்டினால் மாடு திணறுகிறது. இவ்வளவு வேகமாக மூச்சு விடும்போது கரியமில வாயு அளவுக்கு மீறி வெளியேறி, ரத்தத்தின் புளிப்புத்தன்மை குறைந்து காரத்தின் பக்கம் சாயும். ரத்தத்தின் புளிப்பு-கார அளவு (பி.எச்.) 7.4-ஐ விட்டு நகரக் கூடாது. அதைச் சரிக்கட்ட சிறுநீரகம் பைகார்பனேட் என்ற சோடா உப்பைச் சிறுநீரில் தள்ளிவிடும். அந்த உப்புதான் எச்சில் வழியாகப் பெருவயிற்றுக்குப் போய் அங்குள்ள புளிப்பை அடக்க வேண்டியது. அசைபோடும் மாடு ஒரு நாளைக்கு 100 லிட்டருக்கு மேல் கூட எச்சில் சுரக்கும். மூச்சிரைக்கும் மாட்டில் அதுவும் தரையில் ஒழுகிப் போகிறது. ரத்தத்தைக் காப்பாற்றப் போய்ப் பெருவயிறு புளித்துவிடுகிறது. பெருவயிறு புளித்தால் நார் சரியாகச் செரிக்காது, பாலில் கொழுப்பு இறங்கும். இந்த நேரத்தில் அரிசிக் கஞ்சி, சோளமாவு என்று ஊற்றினால் புளிப்பு இன்னும் ஏறும்.

சரி, செய்ய வேண்டியதற்கு வருவோம். முதலில் தண்ணீர்த் தொட்டி. மதியம் 2 மணிக்கு அதில் கையை வைத்துப் பாருங்கள். மொட்டை வெயிலில் கிடக்கும் கருப்புக் குழாயில் வரும் தண்ணீர் சுட்டால் மாடு குடிக்காது. தொட்டியை நிழலுக்கு மாற்றி, கழுவி, எந்நேரமும் நிரம்பியிருக்கும்படி வையுங்கள். உங்கள் மாடு இந்த வெயிலில் 60 முதல் 80 லிட்டர் குடிக்க வேண்டும். நாக்கைத் தொங்கவிட்டு இரைக்கும் மாட்டுக்குப் பாட்டிலிலோ மூங்கில் குழாயிலோ எதையும் புகட்டாதீர்கள். நுரையீரலுக்குள் போய்விடும். நல்ல கறவை மாடுகள் இப்படிப் போனதைப் பார்த்திருக்கிறேன், மனது கேட்காது.

அடுத்து நனைப்பது. உடம்பிலிருந்து ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியானால் ஏறக்குறைய 580 கிலோ கலோரி வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகும். ஆவியானால்தான் பலன், ஈரமாக நிற்பதில் இல்லை. அதனால் பகல் 11 முதல் 4 மணி வரை, தோல் வரை நனையும்படி 2 நிமிடம் தண்ணீர் அடியுங்கள், பிறகு 15 நிமிடம் மின்விசிறிக் காற்றில் காய விடுங்கள், மறுபடி அடியுங்கள். நான்கு பக்கமும் படுதா கட்டி, உள்ளே பனி மாதிரி தண்ணீர் தெளித்தால் ஈரக்காற்று அடைத்துக்கொண்டு மாடு முன்னைவிட மோசமாகத் திணறும். பக்கப் படுதாவை அவிழ்த்துவிடுங்கள். ஷீட்டின் மேல் தென்னங்கீற்றைப் பரப்புங்கள், கிடைக்காவிட்டால் சுண்ணாம்பு அடியுங்கள். வேப்பமரமோ புளியமரமோ இருந்தால் பகலில் அதன் அடியில் கட்டுவது எந்தக் கொட்டகையையும்விட மேல்.

தீவனத்தைக் காலை 6 மணிக்குள்ளும், பொழுது சாய்ந்து 7 மணிக்கு மேலும் வையுங்கள். தின்ற சில மணி நேரத்தில்தான் உள்சூடு ஏறும். அது மதிய வெயிலோடு சேரக் கூடாது. வைக்கோல், சோளத்தட்டு போன்ற உலர்தீவனம் செரிக்கும்போது சூடு அதிகம், அதை இரவில் போடுங்கள். பகலில் பசும்புல் கொஞ்சமாக. கலப்புத் தீவனத்தில் சமையல் சோடா 50 கிராமை இரண்டு வேளையாகப் பிரித்துக் கலந்து கொடுங்கள், சிறுநீரில் போன உப்புக்கு அது ஈடு. தாது உப்புக் கலவை 50 கிராம், சாதாரண உப்பு 30 கிராம் தினமும் சேருங்கள்.

நனைத்து, காற்று கொடுத்தும் அரை மணி நேரத்தில் மூச்சு குறையாமல், சூடு 105-ஐத் தாண்டினாலோ, மாடு தள்ளாடினாலோ மருத்துவர் வந்தாக வேண்டும். அவர் வரும்வரை நனைப்பதை நிறுத்தாதீர்கள்.

அப்புறம், நீங்கள் கேட்காத ஒன்று. கன்று போட்டு 2 மாதம் என்பதால் சினை ஊசிக்கு நேரம் வந்துவிட்டது. வெயில் காலத்தில் பருவ அறிகுறி மங்கலாக இருக்கும், அதிலும் பாதி, இரவு நேரத்தில் வந்து போய்விடும். விடியற்காலையில் மாட்டின் பிறப்புறுப்பில் சளி தொங்குகிறதா என்று பாருங்கள். ஊசி போட்டபின் முதல் ஒரு வாரம் கருவுக்கு உடல் சூடு ஆகவே ஆகாது. அந்த வாரம் மட்டுமாவது மாட்டைத் தவறாமல் நனைத்து, மரத்தடியிலேயே வைத்திருங்கள்.