விமான டிக்கெட்டில் இருந்து பின்னோக்கித் திட்டமிடுங்கள்

கேள்வி: பவளத்தீவு ஒன்றுக்கு நானும் மனைவியும் போகிறோம். முதல் நாள் மதியம் இறங்கி, ஐந்தாம் நாள் அதிகாலை விமானத்தில் கிளம்ப வேண்டும். எனக்கு நீச்சல் தெரியும், அவருக்குத் தெரியாது. இருவருமே ஸ்கூபா (காற்று உருளையைச் சுமந்து கடலடியில் நீந்துவது) செய்ததில்லை. நான்காம் நாள் மாலை வரை டைவ் வைத்துக்கொள்ளலாமா?

பதில்: வேண்டாம். ஆழத்தில் அழுத்தம் கூடும்போது நாம் சுவாசிக்கும் காற்றிலிருக்கும் நைட்ரஜன் உடல் திசுக்களில் கரைந்து சேர்கிறது. மேலே வந்த பிறகும் அது உடனே போய்விடாது, மெதுவாகத்தான் வெளியேறும். அதற்குள் விமானம் ஏறினால், கேபினில் அழுத்தம் தரையைவிடக் குறைவு என்பதால், மிச்சமிருக்கும் நைட்ரஜன் குமிழிகளாகலாம். மூட்டுவலியில் தொடங்கிப் பக்கவாதம் வரை போகக்கூடிய விஷயம் இது. ஒரே ஒரு டைவ் என்றால் குறைந்தது 12 மணி நேரம், பல டைவ்கள் என்றால் குறைந்தது 18 மணி நேரம் இடைவெளி வேண்டும் என்பது பொதுவான வழிகாட்டுதல். என்னைக் கேட்டால் 24 என்றே சொல்வேன். உயரமான மலைப்பாதையில் வண்டியில் போவதற்கும் இதே கவனம் தேவை. ஆகவே நான்காம் நாளை ஸ்நார்கெலிங் (குழாயால் மூச்சுவிட்டு நீர்ப்பரப்பில் மிதந்து பார்ப்பது), படகுச் சவாரி, கரையில் நடப்பது என்று வைத்துக்கொண்டு, டைவ்களை இரண்டாம் மூன்றாம் நாட்களில் முடித்துவிடுங்கள். டிக்கெட் இன்னும் எடுக்கவில்லை என்றால் ஒரு நாள் தள்ளி எடுங்கள், எல்லாமே இலகுவாகிவிடும்.

அடுத்தது பயிற்சி. 18 மீட்டர் வரை போக அனுமதிக்கும் ‘ஓப்பன் வாட்டர்’ என்ற ஆரம்பநிலை ஸ்கூபா படிப்பு முழுவதும் முடிய மூன்று நான்கு நாள் பிடிக்கும், உங்கள் விடுமுறையை அதுவே விழுங்கிவிடும். பாடத்தையும் நீச்சல்குளப் பயிற்சியையும் ஊரிலேயே முடித்துவிட்டு, கடலில் செய்ய வேண்டிய நான்கு டைவ்களை மட்டும் தீவில் செய்ய வழியிருக்கிறது, அதை விசாரியுங்கள். இந்தப் படிப்புக்கு 200 மீட்டர் நீந்தவும் 10 நிமிடம் மிதக்கவும் தெரிந்திருக்க வேண்டும். நீச்சல் தெரியாத உங்கள் மனைவி, விருப்பம் இருந்தால் மட்டும், பயிற்சியாளர் கூடவே இருக்கும் அறிமுக டைவ் செய்யலாம். பெரும்பாலும் 12 மீட்டர்தான் எல்லை. அதற்கு நீச்சல் கட்டாயமில்லை என்று பல இடங்களில் சொல்வார்கள், ஆனாலும் தண்ணீர் என்றாலே பயப்படுகிற ஒருவரை ‘ஒரு தடவை வந்துதான் பாரேன்’ என்று வற்புறுத்திக் கூட்டிப்போகாதீர்கள். பதற்றத்தில் மூச்சை அடக்கிக்கொண்டு மேலே வருவதுதான் கடலடியில் மிக ஆபத்தானது, நுரையீரலையே கிழித்துவிடும்.

கேள்வி: எனக்குச் சிறுவயதில் ஆஸ்துமா இருந்தது. அங்கே போய்ச் சொன்னால் போதுமா?

பதில்: போதாது, கிளம்புவதற்கு முன்பே மருத்துவரைப் பாருங்கள். டைவ் மையத்தில் ஒரு மருத்துவப் படிவம் தருவார்கள். அதில் சில கேள்விகளுக்கு ‘ஆம்’ என்று எழுதினால் மருத்துவர் கையெழுத்து இல்லாமல் தண்ணீரில் இறக்க மாட்டார்கள், தீவில் அந்த நேரத்துக்கு மருத்துவரைத் தேடி அலைய வேண்டியிருக்கும். அதற்காகப் பொய் சொல்லி ‘இல்லை’ போடுவதைத் தயவுசெய்து செய்யாதீர்கள். சளி பிடித்திருந்தாலும் அன்றைக்கு டைவ் வேண்டாம், காது அடைத்துக்கொண்டால் அழுத்தத்தைச் சமன்செய்ய முடியாது, செவிப்பறை கிழியலாம். அப்புறம், பயணக் காப்பீட்டில் ஸ்கூபா சேர்ந்திருக்கிறதா, எத்தனை மீட்டர் வரை என்று படித்துப் பாருங்கள், பல காப்பீடுகளில் இருக்காது.

கேள்வி: பவளத்தைத் தொட்டுப் பார்க்கலாமா?

பதில்: கூடாது. பார்க்கப் பாறை மாதிரி இருந்தாலும் அதன் மேல்பரப்பு முழுக்க உயிருள்ள சிறு பிராணிகள், கை பட்டாலே காயப்படும். சில வகைகள் ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர்தான் வளரும், ஃபின் (காலில் மாட்டும் துடுப்பு) ஒரு முறை உதைத்தால் உடைவது பல வருட வளர்ச்சி. கடல் சூடேறி உலகம் முழுக்கப் பவளங்கள் வெளுத்துவருகின்றன, 2024-இல் நான்காவது உலகளாவிய வெளுப்பை அறிவித்தார்கள். நம்மாலான சேதத்தையாவது குறைப்போம். மிதப்பைச் சரியாக வைத்துக்கொள்ளப் பழகும் வரை பவளத்திலிருந்து நன்றாக விலகியே நீந்துங்கள், கேமராவை முதல் டைவில் எடுத்துப்போகாதீர்கள். உடம்பு முழுக்க சன்ஸ்கிரீன் பூசுவதைவிட முழுக்கை நீச்சலுடை போடுவது உங்களுக்கும் நல்லது, கடலுக்கும் நல்லது.