அலுமினிய வார்ப்பில் ஊசித்துளை: மாத்திரை போட்டால் தீருமா?

கேள்வி: பழைய பைக் பிஸ்டன்களையும் குளிர்பான டப்பாக்களையும் வீட்டுக் கொல்லையில் கரி உலையில் உருக்கிப் புல்லி வார்க்கிறேன். லேத்தில் கடையும்போது உள்ளே ஊசித்துளைகள் தெரிகின்றன. கடைக்காரர் ஒரு வெள்ளைப் பொடியையும் வாயு நீக்கும் மாத்திரையையும் கொடுத்திருக்கிறார். சலவை சோடாவே போதும் என்கிறார் நண்பர். எதைப் போடுவது?

பதில்: முதலில் துளையைப் பாருங்கள். உருண்டையாக, உட்சுவர் வழுவழுப்பாக, எங்கும் பரவலாக இருந்தால் அது வாயு. தடித்த பகுதியில் மட்டும் கிழிந்தாற்போல் சொரசொரப்பாக இருந்தால், உலோகம் இறுகிச் சுருங்கும்போது ஈடுகட்ட உருகிய உலோகம் கிடைக்காத குறை. அதற்கு ரைசரை, அதாவது இறுகும் வார்ப்புக்கு உருகிய உலோகத்தை ஊட்டும் அச்சின் துணைக் குழியை, பெரிதாக்க வேண்டுமே தவிர, எந்தப் பொடியும் உதவாது.

வாயு என்றால் அது ஹைட்ரஜன். அது வருவது ஈரத்திலிருந்து. சூடான அலுமினியம் நீராவியின் ஆக்சிஜனைப் பறித்துக்கொண்டு ஹைட்ரஜனைத் தனக்குள் கரைத்துக்கொள்கிறது. 660 டிகிரியில் உருகிய நிலையில் அது தாங்கும் ஹைட்ரஜன், அதே வெப்பத்தில் திட நிலையில் தாங்குவதைப் போல் ஏறத்தாழ 20 மடங்கு. இறுகும்போது மிஞ்சுவதே உங்கள் ஊசித்துளை. இப்போது சலவை சோடாவை எடுத்துக்கொள்ளுங்கள்: படிகச் சோடாவின் எடையில் சுமார் 63 சதவீதம் நீர். வாயுவை நீக்குவதாக எண்ணி, வாயுவின் மூலப்பொருளையே மூசைக்குள், அதாவது உருக்கும் கலத்துக்குள், போடச் சொல்கிறார் உங்கள் நண்பர்.

கடைக்காரர் தந்த இரண்டும் வெவ்வேறு வேலைக்கானவை. பொடி, அதாவது ஃபிளக்ஸ், ஆக்சைடு ஏட்டைப் பிரித்துக் கசடாக மேலே கொண்டுவரும், ஹைட்ரஜனை எடுக்காது. மாத்திரை பெரும்பாலும் ஹெக்சாகுளோரோஈத்தேன். அது உருகலுக்குள் குமிழ்விட்டு ஹைட்ரஜனை இழுத்துச் செல்வது உண்மைதான். ஆனால் வெளிவரும் புகையில் குளோரினும் ஹைட்ரஜன் குளோரைடும் இருக்கும். இரும்பல்லாத உலோகத் தொழிலில் இதன் பயன்பாட்டை ஐரோப்பிய ஒன்றியம் 1997இலேயே உத்தரவிட்டுக் கட்டுப்படுத்தியது. இங்கோ பெயரில்லாத பிளாஸ்டிக் பையில் பிரித்துக் கட்டி, உள்ளே என்ன இருக்கிறது, எவ்வளவு போட வேண்டும் என்று ஒரு வரிகூட எழுதாமல் விற்கிறார்கள். மூட்டைக்கு மேல் ஒட்டியிருந்த எச்சரிக்கைத் தாள், சில்லறையாகப் பிரிக்கும் இடைத்தரகரின் குப்பைத் தொட்டியோடு போய்விடுகிறது. பவுண்டரிக்கு ஆய்வாளர் வருவார், கொல்லைப்புற உலைக்கு யார் வருவார்? புகைபோக்கியும் தகுந்த முகக்கவசமும் இல்லாத வீட்டில் மாத்திரை வேண்டவே வேண்டாம். பொருளின் பெயரைச் சொல்ல மறுக்கும் கடையில் பொடியையும் வாங்காதீர்கள்.

ஃபிளக்ஸை நீங்களே கலக்கலாம்: சமையல் உப்பும் பொட்டாசியம் குளோரைடும் எடையில் சரிபாதி. கல்லுப்பின் படிகத்துக்குள் சிக்கிய நீர் சூட்டில் வெடித்துத் தெறிக்கும். ஆகவே வெடிப்புச் சத்தம் அடங்கும்வரை இரும்பு வாணலியில் வறுத்துப் பொடித்து, காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். உருகல் 720 டிகிரி அளவில் இருக்கையில், கிலோவுக்கு 5 முதல் 10 கிராம் தூவி, சூடேற்றிய கரண்டியால் மெதுவாகக் கலக்கி, கசடு உதிரியானதும் வழித்தெடுங்கள். துருவிலும் ஈரம் உண்டு என்பதால் கரண்டி துருவின்றி இருக்கட்டும். டப்பாக்களைக் குறையுங்கள், மெல்லிய தகட்டில் உலோகத்தைவிட ஆக்சைடுத் தொல்லையே மிகுதி.

ஒரு விதிவிலக்கை அழுத்திச் சொல்ல வேண்டும். மெக்னீசியம் 2 சதவீதத்துக்கு மேல் உள்ள கலவையில் சாதாரண உப்புக் கலந்த ஃபிளக்ஸ் கூடாது. மெக்னீசியம் உப்பிலிருந்து சோடியத்தை விடுவிக்க, அது உலோகத்தில் ஏறிச் சூட்டில் நொறுங்கும் தன்மையைத் தரும். பிஸ்டனில் மெக்னீசியம் சுமார் 1 சதவீதம்தான், டப்பாவின் உடலிலும் அவ்வளவே. ஆனால் அதே டப்பாவின் மூடியில் 4 சதவீதத்துக்கு மேல் இருக்கும். மூடிகளைக் கத்தரித்துத் தனியே சேர்த்து உருக்குபவர்களும் படகுத் தகட்டை உருக்குபவர்களும் சோடியமில்லாத ஃபிளக்ஸையே கேட்டு வாங்க வேண்டும். எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு உருக்கும் உங்களுக்கு இந்தக் கவலை இல்லை.

ஹைட்ரஜனுக்கு மருந்து, அதை உள்ளே விடாதிருப்பதே: பிஸ்டனின் எண்ணெயை முன்பே எரித்து நீக்குங்கள், 750 டிகிரியைத் தாண்டவிடாதீர்கள், உருகியபின் காத்திருக்காமல் ஊற்றுங்கள். ஊற்றுமுன் சூடேற்றிய சிறு இரும்புக் கிண்ணத்தில் கொஞ்சம் எடுத்து இறுகவிடுங்கள். மேற்பரப்பு நடுவில் குழிந்தால் அச்சில் ஊற்றலாம்; புடைத்து எழுந்தால், மூசையிலேயே மெல்ல இறுகவிட்டு, இறுகி முடியுமுன் இரும்புக் கம்பிக் கொக்கியொன்றைச் செருகிக் கட்டியாக வெளியே எடுத்து, மீண்டும் விரைவாக உருக்குங்கள்.