கழற்றிய பிறகும் எழுதும் கார்டு: ஐஓஎம்எம்யூ கேள்வி பதில்

இன்றைக்கு ஒரே பொருள்தான். ஓடிக்கொண்டிருக்கும் கம்ப்யூட்டரில் ஒரு டிவைஸைச் செருகும்போதும் உருவும்போதும் கெர்னல் (ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின் மையப் பகுதி) தன் மெமரியை எப்படிக் காப்பாற்றிக்கொள்கிறது, அதற்கு ஹார்டுவேர் என்ன துணை செய்கிறது. பதினைந்து வருடமாக லினக்ஸ் டிரைவர் எழுதுகிறேன். இப்போது ஏற்காட்டில் வீட்டிலிருந்தே வேலை. சேலம் நண்பர்கள் அனுப்பிய கேள்விகளை வந்த வரிசையிலேயே எடுத்துக்கொள்கிறேன். விண்டோஸ் டிரைவர் எழுதுவது பற்றி இரண்டு பேர் கேட்டிருந்தீர்கள். அது நான் வேலை செய்த இடமில்லை, அதனால் சேர்க்கவில்லை.

கருப்பூர், கல்லூரி மாணவர்: அக்கா, சிபியூவில் ஏற்கெனவே எம்எம்யூ இருக்கிறதே, ஐஓஎம்எம்யூ என்று இன்னொன்று எதற்கு?

சிபியூவில் ஓடும் புரோகிராம் மெமரியைத் தொடும்போதெல்லாம் எம்எம்யூ குறுக்கே நின்று, இந்த முகவரி உனக்கு உண்டா என்று பார்க்கிறது. ஆனால் நெட்வொர்க் கார்டும் என்விஎம்இ என்ற வேகமான டிஸ்கும் அந்த வழியாகப் போவதில்லை. டிஎம்ஏ மூலம், அதாவது சிபியூ வழியாகப் போகாமல், நேராக ராமில் எழுதுகின்றன. அங்கே காவல் இல்லையென்றால் கார்டு சொல்கிற எந்த முகவரியிலும் எழுதிவிடும், அது உங்கள் பாஸ்வேர்டு இருக்கும் பக்கமானாலும் சரி, கெர்னலின் கோடு இருக்கும் பக்கமானாலும் சரி. டிஎம்ஏ போகிற பாதையில் உட்கார்ந்திருக்கும் எம்எம்யூதான் ஐஓஎம்எம்யூ. இன்டெல் அதற்கு வைத்த பெயர் விடி-டி, ஏஎம்டி வைத்தது ஏஎம்டி-விஐ, ஆர்ம் வைத்தது எஸ்எம்எம்யூ.

கோடை விழா சமயத்தில் இங்கே லாட்ஜ் எப்படி நிரம்பி வழியும் என்று உங்களுக்குத் தெரியும். இன்னாருக்கு இன்ன அறை என்று மேனேஜர் ரிஜிஸ்டரில் எழுதுகிறார். அதுதான் பேஜ் டேபிள். வாட்ச்மேன் ஒவ்வொரு முறையும் ரிஜிஸ்டரைப் புரட்டிக்கொண்டிருக்க முடியாது, அதனால் முகத்தை நினைவில் வைத்துக்கொள்கிறார். அந்த நினைவுக்குப் பெயர் ஐஓடிஎல்பி. அறையைக் காலி செய்தவரின் பெயரை மேனேஜர் அடித்துவிடுகிறார். ஆனால் வாட்ச்மேனிடம் சொல்லவில்லை என்றால்? பழைய ஆள் திரும்பி வந்தால் தாராளமாக உள்ளே போவார். அறையில் இப்போது வேறொரு குடும்பம் தூங்குகிறது.

எனவே வரிசை இதுதான்: முதலில் டிவைஸை நிறுத்து, அப்புறம் அன்மேப் செய் (ரிஜிஸ்டரில் பெயரை அடி), அப்புறம் ஐஓடிஎல்பியை அழி, கடைசியில்தான் மெமரியை விடுவி. இதை இன்றைக்குப் பல தடவை சொல்லப் போகிறேன்.

அம்மாபேட்டை: பென் டிரைவை "எஜெக்ட்" கொடுக்காமல் உருவினால் இந்த ஆபத்து வருமா மேடம்?

வராது. பென் டிரைவ் தானாக டிஎம்ஏ செய்வதில்லை. போர்டில் இருக்கும் எக்ஸ்எச்சிஐ என்ற யுஎஸ்பி கன்ட்ரோலர்தான் செய்கிறது, அது எங்கும் போகாது. உங்கள் ஃபைல் கெடலாம், அது வேறு விஷயம். இன்றைய பேச்சு பிசிஐ எக்ஸ்பிரஸ் (கார்டுகள் நேராக டிஎம்ஏ செய்யும் இணைப்புப் பாதை) வெளியே வரும் இடங்களைப் பற்றியது: தண்டர்போல்ட், யுஎஸ்பி4, சர்வரில் முன்பக்கம் உருவும் என்விஎம்இ டிஸ்குகள்.

செவ்வாய்ப்பேட்டை: நான் எழுதிய டிரைவரை ரிமூவ் செய்ததும் லாகில் "டிஎம்ஏஆர் ஃபால்ட்" என்று வரிசையாக வருகிறது. ஐஓஎம்எம்யூவை ஆஃப் செய்ததும் நின்றுவிட்டது. பிரச்சினை தீர்ந்ததா?

தீரவில்லை, இப்போதுதான் ஆரம்பித்திருக்கிறது. அந்த ஃபால்ட் என்பது வாட்ச்மேன் ஆளைப் பிடித்து நிறுத்திவிட்டுக் கொடுத்த குரல். நீங்கள் வாட்ச்மேனை வீட்டுக்கு அனுப்பிவிட்டீர்கள். டிரைவர் போன பிறகும் உங்கள் கார்டு பழைய பஃபரில் (டிரைவர் அதற்குக் கொடுத்திருந்த மெமரியில்) எழுதிக்கொண்டே இருக்கிறது. முன்பு அந்த எழுத்து தடுக்கப்பட்டது; இப்போது ராமில் விழுகிறது. அந்தப் பக்கத்தைக் கெர்னல் இதற்குள் வேறு யாருக்காவது கொடுத்திருக்கும். இரண்டு நாள் கழித்துச் சம்பந்தமே இல்லாமல் ஃபைல் சிஸ்டத்தில் கிராஷ் ஆகும், நீங்கள் ஃபைல் சிஸ்டத்தைச் சந்தேகப்பட்டு ஒரு வாரம் போகும். எனக்குப் போயிருக்கிறது.

ரிமூவ் ஃபங்ஷனின் முதல் வேலையாகக் கார்டின் டிஎம்ஏ எஞ்சினை நிறுத்துங்கள். நின்றுவிட்டதா என்று அதன் ஸ்டேட்டஸைப் படித்து உறுதி செய்யுங்கள். கார்டுக்கு டிஎம்ஏ அனுமதி தரும் பஸ் மாஸ்டர் பிட்டை அணையுங்கள். அப்புறம் அன்மேப். ஐஓஎம்எம்யூவைத் திரும்ப ஆன் செய்து வைத்துக்கொண்டே இதைச் சரிசெய்யுங்கள். டிரைவர் எழுதுகிறவருக்கு அதைவிட நல்ல துணை கிடையாது.

சூரமங்கலம்: தறித் துணியில் பழுது பார்க்கும் கேமரா வைத்திருக்கிறோம். அதன் கார்டு தண்டர்போல்ட் பெட்டியில் இருக்கிறது. கரண்ட் போனால் லேப்டாப்பும் அப்படியே உறைந்துவிடுகிறது. லேப்டாப்பில் பேட்டரி நன்றாகத்தான் இருக்கிறது.

இந்தக் கேள்வி வந்ததில் எனக்கு உண்மையிலேயே சந்தோஷம். ஹாட்பிளக் (ஓடும்போதே செருகுவது, உருவுவது) என்றதும் எல்லாரும் ஒரு கை வந்து வயரை உருவுவதாக நினைக்கிறார்கள். நம் ஊரில் அதிகம் நடப்பது இதுதான்: லேப்டாப் பேட்டரியில் ஓடுகிறது, வெளிப்பெட்டி சுவர் பிளக்கில் ஓடுகிறது. கரண்ட் போன நொடியில், யாரும் எதையும் தொடாமலே, டிவைஸ் காணாமல் போகிறது. ஐப்பசி மழையில் ஏற்காட்டில் ஒரே நாளில் நான்கைந்து முறை கரண்ட் போகும்; என் முதல் தண்டர்போல்ட் டிரைவரை அந்த மழைதான் சோதித்தது. ஒவ்வொரு முறையும் மெஷின் உறைந்தது.

காரணம் இது. இல்லாத பிசிஐ டிவைஸின் ரிஜிஸ்டரைப் படித்தால் பிழைச் செய்தி வராது. எல்லா பிட்டும் 1 ஆக ஒரு மதிப்பு வரும், 0xஎஃப்எஃப்எஃப்எஃப்எஃப்எஃப்எஃப்எஃப். "பிஸி பிட் 0 ஆகும்வரை காத்திரு" என்று நீங்கள் ஒரு லூப் எழுதியிருந்தால் அந்த பிட் இனி ஒருநாளும் 0 ஆகாது. ஒரு லாக்கை (பூட்டை) பிடித்துக்கொண்டு அந்த லூப்பில் நின்றால் மற்ற சிபியூக்களும் வந்து வரிசையில் நிற்கும். என் கோடில் நடந்தது அதுவே. இதைவிட மோசமானது ஒன்று உண்டு: ரிங்கின் (டிரைவரும் கார்டும் பகிரும் வரிசையின்) இன்டெக்ஸைக் கார்டிலிருந்து படித்து, சரிபார்க்காமல் அர்ரேயில் போட்டால் டிரைவரே கெர்னல் மெமரியில் தாறுமாறாக எழுதும். அதை ஐஓஎம்எம்யூ தடுக்காது, ஏனென்றால் எழுதுவது சிபியூ.

ஆகவே: ஒவ்வொரு லூப்புக்கும் நேர வரம்பு வையுங்கள். படித்த மதிப்பு எல்லாம் 1 என்றால் டிவைஸ் போய்விட்டது என்று எடுத்துக்கொண்டு வெளியேறுங்கள். கார்டிலிருந்து வரும் எந்த எண்ணையும் வரம்புக்குள் இருக்கிறதா என்று பார்க்காமல் பயன்படுத்தாதீர்கள். டிரைவர் உங்களுடையது இல்லை என்றால், அதைச் செய்தவரிடம் இந்தப் பத்தியைக் காட்டுங்கள். அதுவரை பெட்டிக்கு ஒரு சின்ன யுபிஎஸ் போடுங்கள்.

அஸ்தம்பட்டி, சர்வர் வேலை பார்ப்பவர்: ஒவ்வொரு அன்மேப்புக்கும் ஐஓடிஎல்பியை அழித்தால் நெட்வொர்க் வேகம் விழுந்துவிடும். லினக்ஸே சோம்பல் முறையில் சேர்த்து வைத்து மொத்தமாகத்தானே அழிக்கிறது? உங்கள் வரிசை ஏட்டுச் சுரைக்காய்.

நல்ல எதிர்ப்பு, விரிவாகவே சொல்கிறேன். இன்டெல் மெஷின்களில் நீங்கள் சொல்லும் முறை நெடுநாளாக இருக்கிறது. அன்மேப் ஆனவற்றை ஒரு வரிசையில் போட்டு, வரிசை நிரம்பியதும் அல்லது 10 மில்லிசெகண்ட் டைமர் அடித்ததும் மொத்தமாக அழிக்கும். விநாடிக்கு லட்சக்கணக்கில் பாக்கெட் வரும் கார்டில் இது பெரிய வித்தியாசம், மறுக்கவில்லை.

ஆனால் அந்த 10 மில்லிசெகண்டில் வாட்ச்மேனுக்கு இன்னும் பழைய முகம் நினைவிருக்கிறது. போர்டில் பதிந்த, நீங்கள் நம்பும் கார்டுக்கு அது பரவாயில்லை. வெளியிலிருந்து யார் வேண்டுமானாலும் செருகக்கூடிய போர்ட்டில் பரவாயில்லை என்று சொல்ல முடியாது. லினக்ஸும் இதைப் பிரித்தே வைத்திருக்கிறது: வெளிப்பக்கம் பார்த்த போர்ட் என்று ஃபர்ம்வேர் (போர்டிலேயே பதிந்த மென்பொருள்) குறித்திருந்தால், அங்கே செருகும் டிவைஸ் நம்பத்தகாதது, அதற்குச் சோம்பல் முறை கிடையாது, உடனுக்குடன்தான்.

குகை: கேம் விளையாடும்போது வேகம் வேண்டும், ஐஓஎம்எம்யூவை ஆஃப் செய்யலாமா?

வேண்டாம். மேலே செவ்வாய்ப்பேட்டைக்குச் சொன்னதைப் படியுங்கள்.

அஸ்தம்பட்டி, மறுபடியும்: அழித்து முடியும்வரை அந்த ஐஓ முகவரியை (டிவைஸ் பயன்படுத்தும் முகவரியை) வேறு யாருக்கும் தருவதில்லையே. அப்புறம் என்ன ஆபத்து?

ஐஓ முகவரியைத் தருவதில்லை என்பது சரி. ஆனால் அதன் பின்னால் இருக்கும் ராம் பக்கம்? அன்மேப் திரும்பிய அடுத்த வரியில் டிரைவர் அதை விடுவித்துவிடும். கெர்னல் அதே நொடியில் அதை வேறொருவருக்குக் கொடுக்கலாம். அறை எண்ணைப் புதிதாக யாருக்கும் எழுதவில்லை என்று நீங்கள் சொல்கிறீர்கள். அதே அறைக்கு இன்னொரு கதவு வழியாக வேறொருவரை அனுப்பிவிட்டீர்கள் என்று நான் சொல்கிறேன். இந்தக் கணக்கில் முகவரி முக்கியமில்லை, பக்கம் முக்கியம்.

இன்னொன்றும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஐஓஎம்எம்யூ 4 கேபி பக்கமாகத்தான் அனுமதி தரும். 1500 பைட் பாக்கெட்டுக்கு அனுமதி கொடுத்தால் அதே பக்கத்தில் மிச்சம் இருக்கும் கெர்னல் தரவும் கார்டின் கண்ணுக்குத் தெரியும். 2019-ல் வெளியான தண்டர்கிளாப் ஆய்வு இந்த மாதிரி ஓட்டைகளைத்தான் செய்தே காட்டியது. ஐஓஎம்எம்யூ இருந்த சிஸ்டங்களிலும் நெட்வொர்க் கார்டு போல நடித்த ஒரு பலகை உள்ளே புகுந்தது. அதே ஆண்டு லினக்ஸ் 5.4-ல் இன்டெல் பக்கம் ஒரு மாற்றம் வந்தது: நம்பத்தகாத டிவைஸுக்கு ஒரு பக்கத்தை முழுதாக நிரப்பாத பஃபர்கள் தனிப் பக்கத்துக்கு நகல் எடுத்துத் தரப்படும். நகல் எடுப்பதால் வேகம் குறையும். அந்தப் போர்ட்டில் அந்த விலையைக் கொடுத்துத்தான் ஆக வேண்டும்.

கருப்பூர் மாணவர்: ஏடிஎஸ் என்று ஒன்று படித்தேன் அக்கா. டிவைஸே முகவரி மாற்றத்தைத் தன்னிடம் வைத்துக்கொள்ளுமாம். அப்போது வாட்ச்மேன்?

சரியான இடத்தில் கை வைத்தீர்கள் தம்பி. ஏடிஎஸ் இருந்தால் டிவைஸ் முன்கூட்டியே கேட்டு வாங்கி, "இது ஏற்கெனவே மாற்றிய முகவரி" என்று சீட்டு ஒட்டி அனுப்பும், ஐஓஎம்எம்யூ அதை நம்பி விட்டுவிடும். பொய் சீட்டு ஒட்டினால்? அதனால்தான் நம்பத்தகாத டிவைஸுக்கு லினக்ஸ் ஏடிஎஸ்ஸைத் திறப்பதே இல்லை.

ஹாட்பிளக்கில் இதற்கு இன்னொரு முகம் இருக்கிறது. டிவைஸ் தன்னிடம் வைத்திருப்பதை அழிக்கச் சொல்லி கெர்னல் அதற்கே செய்தி அனுப்பி, பதிலுக்குக் காத்திருக்க வேண்டும். டிவைஸை உருவியாகிவிட்டது என்றால் பதில் யார் தருவார்? இந்தப் பதிலுக்கு விதிப்படி ஒரு நிமிடத்துக்கு மேலும் அவகாசம் உண்டு. அவ்வளவு நேரம் ஒரு சிபியூ சுற்றிக்கொண்டு நின்றால் மெஷின் உறைந்தது போலத்தான். இன்டெல் ஐஓஎம்எம்யூ கோடில், டிவைஸ் துண்டிக்கப்பட்டிருந்தால் அந்தச் செய்தியை அனுப்பவே வேண்டாம் என்ற திருத்தம் 2024-ல் தான் சேர்ந்தது. பழைய கெர்னல் வைத்திருக்கும் சர்வர்காரர்கள் இதைக் கவனியுங்கள்.

ஐந்து ரோடு: வெளிப்பெட்டி கிராஃபிக்ஸ் கார்டைச் செருகினால் "பிஏஆருக்கு இடமில்லை" என்கிறது.

பிஏஆர் என்பது கார்டு தன் ரிஜிஸ்டருக்கும் மெமரிக்கும் கேட்கும் முகவரி இடம். பூட் ஆகும்போது ஹாட்பிளக் போர்ட்டுக்கு ஒதுக்கும் முகவரி ஜன்னல் சின்னது, லினக்ஸ் தானாக ஒதுக்குவது 2 எம்பி. உங்கள் கார்டு 256 எம்பி கேட்கும். பயாஸில் "4ஜி-க்கு மேல் டிகோடிங்" இருந்தால் ஆன் செய்யுங்கள், பிறகு கெர்னல் வரியில் (பூட்டின்போது கெர்னலுக்குத் தரும் அமைப்புகளில்) ஹாட்பிளக் எம்எம்ஐஓ அளவை, அதாவது அந்த ஜன்னலின் அளவை, கூட்டுங்கள். கார்டைச் செருகியபடியே பூட் செய்தால் பல சமயம் இது தேவையே படாது.

ஆத்தூர்: விஎம்முக்கு (விர்ச்சுவல் மெஷினுக்கு) ஓடும்போதே ராம் கூட்டினேன், சேர்ந்தது. திரும்ப எடுக்க முயன்றால் "பிஸி" என்கிறது.

இது ஐஓஎம்எம்யூ இல்லை, மெமரி ஹாட்பிளக், ஆனாலும் சொல்கிறேன். கூட்டிய ராமில் நகர்த்த முடியாத கெர்னல் தரவு ஒரே ஒரு பக்கம் உட்கார்ந்தாலும் அந்த பிளாக் முழுதும் வெளியே வராது. பிளாக் என்பது பொதுவாக 128 எம்பி. திரும்ப எடுக்கும் எண்ணம் இருந்தால் சேர்க்கும்போதே "ஆன்லைன் மூவபிள்" என்று சேருங்கள். ராம் கூட்டவும் ராம் வேண்டும் என்பதையும் மறக்காதீர்கள்: ஒவ்வொரு 4 கேபி பக்கத்துக்கும் 64 பைட் கணக்குப் புத்தகம். 16 ஜிபி கூட்டினால் 256 எம்பி. விஎம் ஏற்கெனவே மூச்சுத் திணறும்போது கூட்டினால் அந்த 256-க்கே இடமிருக்காது. திணறும் முன்பே கூட்டுங்கள்.

ஓமலூர்: ஐஓஎம்எம்யூ ஆஃப் செய்தால் பேட்டரி அதிக நேரம் வருமா?

ஆஃப் செய்யாதீர்கள். இது இன்றைக்கு மூன்றாவது தடவை. தண்டர்போல்ட் போர்ட் உள்ள லேப்டாப்பை ஆஸ்பத்திரிக்கும் ரயிலுக்கும் எடுத்துப் போகிறீர்கள், பூட்டைக் கழற்றாதீர்கள். இதே கேள்வி இனி வந்தால் எடுக்க மாட்டேன்.

மேட்டூர்: விஎம்முக்குக் கார்டை நேராகக் கொடுப்பது எப்படி?

அது தனி நாள் பேச வேண்டிய பொருள். முதலில் உங்கள் மெஷினில் ஐஓஎம்எம்யூ குரூப் (ஒன்றாகவே கொடுக்க வேண்டிய டிவைஸ்களின் தொகுப்பு) எப்படிப் பிரிந்திருக்கிறது என்று பார்த்து அனுப்புங்கள்.

அஸ்தம்பட்டி: சரி, வெளிப் போர்ட்டுக்கு ஒத்துக்கொள்கிறேன். என் சர்வரில் முன்பக்கம் உருவும் என்விஎம்இ டிஸ்குகள் இருக்கின்றன. அவை வெளியா, உள்ளா?

இன்று வந்ததிலேயே கடினமான கேள்வி. அந்த இடத்தை ஃபர்ம்வேர் வெளிப்பக்கம் என்று குறிப்பது அபூர்வம், அதனால் கெர்னல் அதை நம்பும், சோம்பல் முறை ஓடும். முடிவு உங்கள் கையில்: ரேக் பூட்டியிருக்கிறதா, சாவி யாரிடம்? உங்கள் ஆட்கள் மட்டும் தொடும் ரேக் என்றால் அப்படியே விடுவேன். பலர் வந்து போகும் இடம் என்றால் கெர்னல் வரியில் ஐஓஎம்எம்யூ.ஸ்ட்ரிக்ட்=1 (உடனுக்குடன் அழிக்கும் முறை) போட்டு, வேகம் எவ்வளவு விழுகிறது என்று உங்கள் வேலையை வைத்தே அளந்து பார்ப்பேன். டிஸ்குகளுக்கு அடி குறைவாகவும் நெட்வொர்க்குக்கு அதிகமாகவும் இருக்கும். அளந்ததை அனுப்புங்கள், அடுத்த முறை இங்கேயே போடலாம்.

கருப்பூர் மாணவர்: தண்டர்போல்ட் பெட்டி வாங்கக் காசில்லை அக்கா. வீட்டில் எப்படிப் பழகுவது?

காசே வேண்டாம். கியூஇஎம்யூ என்ற இலவச எமுலேட்டரில் கியூ35 என்ற மெஷின் வகையோடு இன்டெல் ஐஓஎம்எம்யூவைச் சேர்த்துப் பூட் செய்யுங்கள். அதில் "எடு" என்று கற்றுக்கொள்வதற்கென்றே எழுதிய ஒரு டிவைஸ் இருக்கிறது. டிஎம்ஏ செய்யும், இன்டரப்ட் தரும், ஃபேக்டோரியல் கணக்கும் போடும். அதற்கு ஒரு டிரைவர் எழுதுங்கள். வேண்டுமென்றே அன்மேப்புக்குப் பிறகு டிஎம்ஏவைத் தொடங்கி, ஃபால்ட் வருகிறதா என்று லாகில் பாருங்கள். சோம்பல் முறையில் ஒரு தடவை, ஸ்ட்ரிக்ட்டில் ஒரு தடவை. ஹாட்பிளக்குக்கு ஒரு ரூட் போர்ட் வைத்து, அதில் என்விஎம்இயை மானிட்டர் கட்டளையால் சேர்த்தும் எடுத்தும் பாருங்கள். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: அந்த எடுக்கும் கட்டளை கெர்னலிடம் அனுமதி கேட்டுத்தான் எடுக்கிறது, கரண்ட் போவது போல இல்லை. அதைப் பழக, உங்கள் டிரைவரில் ரிஜிஸ்டர் படிக்கும் ஃபங்ஷனை ஒரே இடத்தில் வைத்து, ஒரு சுவிட்ச் போட்டால் அது எல்லாம் 1 என்று திருப்பித் தரும்படி எழுதிக்கொள்ளுங்கள். டிரைவர் ஓடும்போது சுவிட்சைப் போடுங்கள். எங்கே உறைகிறது என்று எழுதி அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.