பனிச்சரிவு ஏன் திடீரென்று நடக்கிறது? பனி உறுதியாக இருக்கிறது என்றால் என்ன?

காஷ்மீர் பனிமலையான குல்மார்க் போகும் நம்ம ராயபுரம் பசங்க கேட்கிற கேள்வி இது. மலையில் கிடக்கும் பனி ஒரே கட்டி இல்லை, ஒவ்வொரு பனிப்பொழிவும் ஓர் அடுக்கு. அடுக்குகள் ஒன்றையொன்று கெட்டியாகப் பிடித்திருந்தால் அதுதான் உறுதி. கடுங்குளிரில் அடியில் உள்ள பனி சர்க்கரை மாதிரி உதிரியாகிவிடும், அப்புறம் அதன்மேல் காற்று கொண்டுவந்து குவிக்கும் பனி பலகையாக இறுகும்.

காசிமேட்டில் ஒரு பலகையைச் சாய்த்து, கல் உப்பைத் தூவி, ஐஸ் தண்ணீர் சொட்டும் மீன்பெட்டியை அதன்மேல் வையுங்கள். லேசாகத் தட்டினால் போதும், பெட்டி கீழே. சாய்ந்த பலகைதான் மலைச்சரிவு, உப்புதான் உதிரிப் பனி, பெட்டிதான் மேலே இறுகிய பனி. மலையில் பெரும்பாலும் 30 முதல் 45 டிகிரி சரிவில்தான் இது நடக்கும், சிக்குகிறவர்கள் விஷயத்தில் அந்தத் தட்டு அநேகமாக அவர்களுடைய எடையேதான்.

கத்தினால் பனி சரியும் என்பது சினிமாக் கதை. குரலுக்கு அவ்வளவு பலம் கிடையாது.