வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் இருக்கும்போது சின்ன வியாபாரத்துக்குத் தனி வெப்சைட் எதற்கு?

"வீட்டிலிருந்து சேலை விற்கிறேன். வாட்ஸ்அப் கேட்டலாக், ரீல்ஸ் எல்லாம் இலவசமாக இருக்கும்போது 25,000 ரூபாய் கொடுத்து வெப்சைட் போட வேண்டுமா? வெப் டெவலப்பர்கள் நேர்மையாகச் சொல்லுங்கள்" என்று கேட்டிருக்கிறீர்கள்.

அந்த "நேர்மையாக" என்ற வார்த்தை இல்லையென்றால் கடந்து போயிருப்பேன். ஈரோட்டில் 2011-லிருந்து வெப்சைட் செய்துதான் குடும்பம் நடத்துகிறேன். "இவன் தொழிலே அதுதான், வேறெப்படிச் சொல்வான்" என்று கீழே யாராவது எழுதத்தான் போகிறார்கள். அவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். போன வருடம் மட்டும் நான்கு பேரை "உங்களுக்கு இப்போது சைட் வேண்டாம், வாட்ஸ்அப்பே போதும்" என்று சொல்லித் திருப்பி அனுப்பினேன். அதில் இரண்டு பேர் முன்பணத்தோடு வந்தவர்கள்.

உங்களுக்கும் அதே பதில்தான். இப்போதைக்கு வேண்டாம். ஆனால் உங்களிடம் வாங்கியவர்களின் பெயர், போன் நம்பர், முகவரி, என்ன வாங்கினார்கள் என்ற கணக்கு இன்றைக்கே உங்கள் கைக்கு வந்தாக வேண்டும். இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்பதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

நீங்கள் இளம்பிள்ளை பக்கம் சேலை எடுத்து விற்பவர் என்று வைத்துக்கொள்கிறேன். காலையில் குழுவில் நாற்பது ஐம்பது படம் போடுவீர்கள். "அந்தப் பச்சை இருக்கா" என்று ஒருவர் கேட்டால், எந்தப் பச்சை என்று மேலே தள்ளித் தேடுவீர்கள். பணம் யுபிஐயில் வரும், ஸ்க்ரீன்ஷாட் ஒரு பக்கம் வரும், முகவரி வாய்ஸ் மெசேஜில் வரும். ராத்திரி பதினொரு மணிக்கு எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி முடிப்பீர்கள். நோட்டில் எழுதுகிறீர்கள் என்றால் பாதிக் கவலை இல்லை. எழுதாமல் எல்லாம் சாட்டிலேயே கிடக்கிறது என்றால் கீழே இருப்பதைக் கட்டாயம் படியுங்கள்.

2017-ல் பவானியில் ஒரு ஜமக்காள வியாபாரிக்கு வூகாமர்ஸ் என்ற ஆன்லைன் கடை மென்பொருளில் கடை போட்டுக் கொடுத்தேன். அறுபது வயதுக்காரர், சொந்தமாகக் குழித்தறி வைத்திருந்தவர். ஜமக்காளம் சேலை மாதிரி இல்லை, நல்ல கனம். கூரியர்காரர்கள் நிஜ எடையையும் பார்ப்பார்கள், பெட்டியின் நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி 5,000-ஆல் வகுத்து வரும் எடையையும் பார்ப்பார்கள். எது அதிகமோ அதற்குக் காசு. ஒவ்வொரு அளவையும் மடித்து, கட்டி, தராசில் வைத்து, டேப் பிடித்து அளந்து, பின்கோடு போட்டால் கட்டணம் சரியாக வருகிற மாதிரி செய்தேன். அதற்கே மூன்று ராத்திரி ஆனது. இன்றைக்கு வரைக்கும் நான் செய்த வேலைகளில் எனக்குப் பிடித்தது அதுதான். எந்தக் கேட்டலாக்கும் இந்தக் கணக்கைத் தானாகப் போட்டுத் தராது.

அப்புறம் ஒவ்வொன்றாக வந்தன. 2018 ஜனவரியில் வாட்ஸ்அப் பிசினஸ், 2019 நவம்பரில் அதிலேயே கேட்டலாக். 2020-ல் ஊரடங்கு. ஜூன் 29-ஆம் தேதி டிக்டாக்கோடு சேர்த்து 59 செயலிகளுக்குத் தடை. அந்த இடத்தைப் பிடிக்கக் குட்டி வீடியோ தளங்கள் போட்டி போட்டுக்கொண்டு வந்தன. அதில் ஒன்றில், பெயர் வேண்டாம், ஐயாவின் மகள் ஒரு வீடியோ போட்டார். தறிக்குழிக்குள் அப்பாவின் கால்கள் மட்டும். மிதிகட்டை ஏறி இறங்குகிறது, மேலே சிவப்பும் பச்சையுமாகப் பட்டை பட்டையாக ஜமக்காளம் வளர்கிறது. பாட்டுக்கூடக் கிடையாது, தறிச் சத்தம்தான். நாற்பது விநாடி இருக்கும். மூன்று நாளில் லட்சக்கணக்கானவர்கள் பார்த்துவிட்டார்கள்.

அடுத்த வருடம் ஹோஸ்டிங், அதாவது சைட் இருக்கும் சர்வருக்கான வாடகையை, புதுப்பிக்கும் நேரம் வந்தபோது ஐயா போன் செய்தார். "தம்பி, தப்பா நெனச்சுக்காதீங்க. சைட்ல மாசத்துக்கு நாலு ஆர்டர் வருது. பாப்பா போன்ல போட்டா நாளைக்கே நாப்பது பேரு கேக்கறாங்க. இந்த வருசம் வேண்டாமுங்க."

எனக்கு வலித்தது. ஆனால் அவர் சொன்னதில் தப்பில்லை. எட்டாயிரம் ரூபாய் அவருக்குப் பெரிய தொகை, வெப்சைட்டுக்கு அந்த வீடியோ அளவு கூட்டம் வரவும் இல்லை. சரிங்க ஐயா என்றேன். சைட்டை மூடுவதற்கு முன்னால், ஆர்டர் விவரமெல்லாம் இருக்கும் டேட்டாபேஸை அப்படியே ஒரு ஹார்ட் டிஸ்க்கில் இறக்கி வைத்தேன். யாருடைய சைட்டை மூடினாலும் இதைச் செய்வது வழக்கம்.

2022 தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கும். காலை ஆறு மணிக்கு மகளிடமிருந்து போன். "அண்ணா, பேஜைக் காணோம்ணா." 41 ஆயிரம் பேர் பின்தொடர்ந்த கணக்கு, ராத்திரியோடு முடக்கப்பட்டிருந்தது. காரணம் என்று ஒரு வரி வந்திருந்தது, அதிலிருந்து எதுவும் புரியவில்லை. மேல்முறையீட்டுக்கு ஒரு படிவம். முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பி வீடியோ எடுத்து அனுப்பச் சொன்னார்கள், அனுப்பினார். ஒரே பதில் திரும்பத் திரும்ப வந்தது. கூப்பிட்டுப் பேச ஒரு நம்பர் கிடையாது. அந்தக் கணக்கு இன்று வரை திரும்பவில்லை.

கூட்டம் போனது ஒரு பக்கம். 23 பேர் பணம் கட்டிவிட்டுச் சரக்குக்குக் காத்திருந்தார்கள். அவர்களுடைய முகவரி எல்லாம் அந்த இன்பாக்ஸுக்குள்தான் இருந்தது. நான் கிளம்பிப் போனபோது திண்ணையில் பேங்க் ஸ்டேட்மென்டை விரித்து வைத்துக்கொண்டு அப்பாவும் மகளும் உட்கார்ந்திருந்தார்கள். தொகை இருக்கிறது, பெயர் இருக்கிறது, ஊர் தெரியாது. ஒவ்வொரு வரியாகப் பார்த்துக்கொண்டு வந்தபோது ஒன்று கண்ணில் பட்டது. சிலருடைய யுபிஐ ஐடி அவர்களுடைய மொபைல் நம்பரிலேயே தொடங்கும். அப்படி 14 பேரைப் பிடித்தோம். ஐயாவே ஒவ்வொருவருக்கும் போன் போட்டு முகவரி வாங்கினார். மீதி ஒன்பது பேர் எங்கெங்கோ தேடிப் பிடித்து வந்து, சிலர் கோபமாகத் திட்டிவிட்டுப் பணத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். ஐம்பது வருடத் தொழிலில் ஏமாற்றுக்காரன் என்ற பேச்சை முதல்முறை கேட்டதாக அவர் சொன்னார். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

அன்று ராத்திரி வீட்டுக்கு வந்து பழைய ஹார்ட் டிஸ்க்கை எடுத்தேன். 612 ஆர்டர்கள், பெயர், நம்பர், வாங்கிய அளவு, நிறம், தேதி. டேட்டாபேஸிடம் விவரம் கேட்கும் எஸ்க்யூஎல் மொழியில் ஒரே வரி, எல்லாம் ஒரு ஷீட்டுக்கு வந்துவிட்டது. மகள் மறுநாளிலிருந்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். 2018-ல் வாங்கிய காரைக்குடி டீச்சர் ஒருவர், அந்த ஜமக்காளம் இன்னும் கூடத்தில் விரித்தே கிடக்கிறது என்று சொல்லி, மகள் வீட்டுக்கு இரண்டு சொன்னாராம். ஒரு வாரத்தில் எழுபது சொச்சம் போனது. அந்தத் தீபாவளிக்கு நெய்து அடுக்கியது பெரும்பாலும் நகர்ந்துவிட்டது.

வாடிக்கையாளர் நம்பரை இப்படி எடுத்துப் பேசலாமா என்று கேட்பவர்கள் வருவார்கள். நியாயமான கேள்வி. அந்த நம்பர்கள் அந்தக் கடைக்கே ஆர்டருக்காகக் கொடுக்கப்பட்டவை, கூப்பிட்டதும் அந்தக் கடைதான். வேண்டாம் என்றவரின் பெயரை அப்போதே அழித்தோம். 2023-ல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு, ஆர்டர் படிவத்திலேயே "புது வரவு பற்றிச் சொல்லலாமா" என்று தனியாகச் சம்மதம் கேட்டு வாங்குகிறோம். நீங்களும் கேட்டு வாங்குங்கள்.

ஆகவே புதுக் கருவிகளை நான் குறை சொல்கிறேன் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்த நாற்பது விநாடி வீடியோ செய்ததை என் வெப்சைட் நான்கு வருடத்தில் செய்யவில்லை. அதை மறைக்க என்ன இருக்கிறது? கூட்டம் இருக்கும் இடத்தில் கடை பரப்பத்தான் வேண்டும். ஆனால் அந்த இடம் வேறொருவருடையது. 2018 ஜனவரியில் ஃபேஸ்புக் தன் நியூஸ்ஃபீடில் நண்பர்கள், குடும்பத்தார் பதிவுகளுக்கே முன்னிடம் என்று அறிவித்தது, வியாபாரப் பக்கங்கள் பின்னால் போயின. லைவில் பொருள் விற்கும் வசதியைக் கொண்டுவந்து, 2022 அக்டோபர் 1-ஆம் தேதி அதை நிறுத்தியும்விட்டது. அவர்கள் இடம், அவர்கள் முடிவு. சந்தைக்குப் போகிறவர் கணக்கு நோட்டைச் சந்தையிலேயே விட்டுவிட்டு வருவாரா?

அடுத்த மாதமே அவர்களுக்கு மறுபடி ஒரு சின்ன சைட் போட்டேன், காசு வாங்கவில்லை. இப்போது வீடியோ எங்கே போட்டாலும் கடைசியில் ஆர்டர் சொந்த சைட்டில் வந்து முடியும். பேச்சு வாட்ஸ்அப்பில். முதல் நாளே மகள், "அண்ணா, லிங்க் அனுப்பினா மொட்டையா போகுது, யாரும் தொடமாட்டேங்கறாங்க" என்றார். ஓபன் கிராஃப் என்று 2010-ல் ஃபேஸ்புக் கொண்டுவந்த சில வரிகள் உண்டு. பக்கத்தின் தலைப்பகுதியில் அவற்றைச் சேர்த்தால், லிங்க்கைப் பகிரும்போது படமும் தலைப்பும் கூடவே போகும். வரிகளைப் போட்டிருந்தேன், ஆனால் படம் 2 எம்பிக்கு மேல். அதை 150 கேபிக்குக் குறைத்து, ஓரத்துக் கோடுகள் தெரிகிற மாதிரி வெட்டி வைத்தேன். அப்புறம் லிங்க் போனால் ஜமக்காளமே போகிற மாதிரி இருந்தது.

இன்னொரு தொல்லை, பணம் கட்டிவிடுவார்கள், ஆர்டர் "நிலுவை" என்றே நிற்கும். போனில் யுபிஐ செயலிக்குப் போய்ப் பணம் கட்டிவிட்டு, பிரவுசருக்குத் திரும்பாமல் அப்படியே மூடிவிடுகிறார்கள். மனிதர்கள் அப்படித்தான் செய்வார்கள், அவர்களைக் குற்றம் சொல்லி என்ன பயன்? ஆன்லைனில் பணத்தை வாங்கித் தரும் பேமென்ட் கேட்வே நேராக நம் சர்வருக்கே தகவல் சொல்லும் வெப்ஹுக் என்ற வழி இருக்கிறது, அதை வைத்தால் வாங்கியவர் திரும்பி வராவிட்டாலும் ஆர்டர் பதிவாகும். உங்களுக்கு யாராவது சைட் செய்து கொடுத்தால், பணம் கட்டியதும் போனில் பிரவுசரை மூடிப் பாருங்கள். ஆர்டர் விழவில்லை என்றால் வேலை முடியவில்லை என்று அர்த்தம்.

ஆயத்தமாக ஆன்லைன் கடை அமைத்துத் தரும் ஷாப்பிஃபை பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். தாராளமாகப் போகலாம். மாதாமாதம் வாடகை உண்டு, ஆனால் சர்வர் விழுந்ததா என்று ராத்திரி முழிக்க வேண்டாம். வாடிக்கையாளர் பட்டியலை ஃபைலாக இறக்கிக்கொள்ளலாம். எனக்கு அதுதான் முக்கியம். ஓஎன்டிசி என்ற, அரசு ஆதரவு பெற்ற திறந்த ஆன்லைன் வியாபார வலையமைப்பு 2022 ஏப்ரலில் ஐந்து நகரங்களில் சோதனையாகத் தொடங்கியபோது அதில் கோயம்புத்தூரும் ஒன்று. எந்தச் செயலியில் வாங்குபவரும் எந்தச் செயலியில் விற்பவரிடமும் வாங்கலாம் என்ற யோசனை எனக்கு மிகவும் பிடித்தது. இரண்டு பேர் நடத்தும் கடைக்கு அந்தக் கேட்டலாக், ரிட்டர்ன் வேலையெல்லாம் இன்னும் பாரம் என்பது என் கருத்து.

பவானி என்று எழுதியதும் இதையும் சொல்லாமல் விட முடியவில்லை. கேள்விக்குச் சம்பந்தமில்லை, மன்னிக்கவும். பவானி ஜமக்காளத்துக்கு 2005-06-லேயே புவிசார் குறியீடு, அதாவது அந்த ஊர்ப் பொருளுக்கே உரிய பெயர்ப் பதிவு, கிடைத்துவிட்டது. ஜமக்காளம் கைத்தறியில் மட்டுமே நெய்ய வேண்டியது என்று 1985-ஆம் ஆண்டு கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டத்தின் கீழ் பட்டியலே இருக்கிறது. இவ்வளவும் இருந்தும், ஆன்லைனில் அந்தப் பெயரைத் தேடினால் விசைத்தறியில் ஓட்டியது அதே பெயரில், பாதி விலையில் வந்து நிற்கிறது. பொருள் ஏற்றும் படிவத்தில் நிறத்துக்குக் கட்டம் இருக்கிறது, துவைக்கும் முறைக்குக் கட்டம் இருக்கிறது. எந்தத் தறியில் நெய்தது, குறியீட்டுப் பதிவு உண்டா என்று கேட்கிற கட்டத்தை நான் பயன்படுத்திய எந்தப் படிவத்திலும் பார்த்ததில்லை. ஒரு டெவலப்பராகச் சொல்கிறேன், அதைச் சேர்ப்பது அரை நாள் வேலை. படிவம் என்றதும் இன்னொன்று. இன்ஷியல் வைத்துப் பெயர் எழுதுகிற நம் ஆட்களிடம் "கடைசிப் பெயர்" கட்டாயம் என்று கேட்டு, அவர்கள் ஒரு புள்ளியை வைத்து நகர்வதை ஆர்டர் பட்டியலில் தினமும் பார்க்கிறேன். என் கையால் செய்யும் சைட் எதிலும் அந்தக் கட்டம் கிடையாது.

சரி, உங்கள் 25,000 ரூபாய்க்கு வருகிறேன். அதை அப்படியே வைத்திருங்கள். இந்த வாரம் உட்கார்ந்து சாட்டில் கிடப்பதை எல்லாம் ஒரு ஷீட்டில் ஏற்றுங்கள். ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்பும் வாட்ஸ்அப் பிராட்காஸ்டில் ஒரு பட்டியலுக்கு 256 பேர்தான், அதிலும் உங்கள் நம்பரைச் சேமித்து வைத்திருப்பவருக்குத்தான் போய்ச் சேரும். அதனால் பார்சலுக்குள் போடும் சீட்டிலேயே "எங்கள் நம்பரைச் சேமித்துக்கொள்ளுங்கள்" என்று ஒரு வரி அடித்து வையுங்கள். இரண்டாம் முறை வாங்குகிறவர்கள் நூறு பேரைத் தாண்டியதும், பதில் சொல்லியே பொழுது போகிறது என்ற நிலை வந்ததும், சைட் போடலாம். அப்போது யாரிடம் கொடுத்தாலும் டொமைன், அதாவது சைட்டின் முகவரி, உங்கள் பெயரில், உங்கள் மெயில் ஐடியில், உங்கள் போனுக்கு ஓடிபி வருகிற மாதிரி பதிவாக வேண்டும். "அதெல்லாம் நாங்களே பார்த்துக்கொள்கிறோம்" என்று சொல்கிறவரிடம் முன்பணம் கொடுக்காதீர்கள்.