வாசகர் கேள்வி: முற்றத்து விளையாட்டுகள்

கேள்வி: பாடசாலையில் ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குக் கிளித்தட்டுப் பழக்கப் போகிறோம். முற்றம் தார் போட்டது. எவ்வளவு இடம் வேண்டும்?
- வாசகி, வெள்ளவத்தை

பதில்: அணிக்கு 5 பேர் என்றால் 40 அடி நீளம், 20 அடி அகலம் போதும். நீளப்பாட்டுக்கு நடுவில் ஒரு கோடு, 10 அடிக்கு ஒன்றாக 5 குறுக்குக் கோடுகள். 8 பெட்டிகள் வரும். முதற்கோடு கிளிக்கு, அதாவது மறிக்கும் அணியின் தலைவருக்கு. மற்ற நாலிலும் அந்த அணியில் ஒவ்வொருவர் நின்று, கோடு தாண்டி இறங்க வரும் எதிரணியை மறிப்பார். அகலத்தை 12 அடியாகக் குறைத்தால் மறிப்பவர் ஓரிரு எட்டு நகர்ந்து கையை விரித்தே இரண்டு பெட்டியையும் அடைத்துவிடுவார், இறங்குவது கடினம்.

கிளி நடுக்கோட்டாலும் ஓடி வரும். முன்னால் மறிப்பவர், பக்கத்தால் கிளி, நடுவில் பெட்டிக்குள் அகப்பட்ட பிள்ளை: ஆட்டத்தின் உயிரே அந்த நொடிதான். சுற்றுக் கோடுகளிலும் கிளி ஓடலாமா என்பது ஊருக்கு ஊர் மாறும், முதலிலேயே பேசி முடியுங்கள். சண்டை வருவது பெரும்பாலும் காலில்தான். மறிப்பவரின் கால் கோட்டில் இருக்கும்போது தொட்டால் மட்டுமே அடி, அதாவது தொடப்பட்டவர் ஆட்டமிழப்பார். அதைப் பார்க்க ஓர் ஆசிரியர் ஓரத்தில் நிற்கட்டும்.

ஒருவர் அடிபட்டால் முழு அணியும் மாறுவதுதான் வழமை. புதிதாகப் பழகும் பிள்ளைகளுக்கு அது வேண்டாம்; மெதுவாக ஓடும் பிள்ளைமேல் பழி விழும். அடிபட்டவர் மட்டும் வெளியே வரட்டும்.

வெண்கட்டியைத் தண்ணீரில் நனைத்துக் கீறுங்கள், காய்ந்ததும் பளிச்சென்று தெரியும். சுண்ணாம்புத் தூள் வேண்டவே வேண்டாம், ஓட்டத்தில் கிளம்பிக் கண்ணை எரிக்கும். தாரில் விழுந்தால் முழங்கால் உரியும், ஆகவே சப்பாத்து அவசியம். ஒக்டோபரில் வைப்பதென்றால் காலையில் வையுங்கள். பின்னேர மழை கீறிய கோடுகளை விட்டுவைக்காது.

கேள்வி: மகள் கொக்கான் (ஐந்து கல் விளையாட்டு) வெட்டும்போது மூன்று கல்லை ஒன்றாக அள்ளும் இடத்தில் எப்போதும் தவறுகிறாள். ஏன்?
- வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: கல்லை உயரத்திலிருந்து எறிந்து பரப்புகிறாள் போலும். கையை நிலத்தோடு ஒட்டிவைத்து மெல்ல உருட்டிவிட்டால் மூன்று கிட்டக் கிட்ட விழும், ஒன்று விலகும். எந்த மூன்று என்பதை மேற்கல்லை எறியும் முன்பே கண் தேர்ந்துவிட வேண்டும். தொடர்மாடி வீட்டு டைல்ஸ் தரையில் கல் வழுக்கி ஓடும், பாய் விரியுங்கள். சல்லிக்கல் என்றால் கூர்முனைகளை நனைத்த சீமெந்துத் தரையில் தேய்த்து மழுக்கிக் கொடுங்கள்.