மூட்டுவலியுள்ள அம்மாவோடு போர்ச்சுகல்: எதைப் பார்ப்பது, எதை விடுவது?

கேள்வி: அக்டோபரில் 68 வயது அம்மாவுடன் ஏழு நாள் போர்ச்சுகல் போகிறோம். அம்மாவுக்கு மூட்டுவலி. லிஸ்பன், சிந்த்ரா, போர்ட்டோ, அல்கார்வ் நான்கையும் காட்டுவதாக ஏஜென்ட் சொல்கிறார். சிந்த்ராவில் மட்டும் அரை நாளில் மூன்று அரண்மனைகளாம். விசாவுக்குத் தேவை என்று நுழைவுச் சீட்டுகளுக்கு இப்போதே பணம் கேட்கிறார். கட்டலாமா?

பதில்: கட்டாதீர்கள். விசாவுக்குக் கேட்பது விமான முன்பதிவு, தங்குமிட ஆதாரம், குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு, வங்கிக் கணக்கு விவரம் போன்றவை. அரண்மனை டிக்கெட் அதில் இல்லை. விசா வருமா வராதா என்று தெரியும் முன்பே முழுப் பயணத்தையும் காகிதத்தில் காட்டு என்கிற இந்த நடைமுறைதான் இடைத்தரகர்களுக்குச் சோறு போடுகிறது. பயந்துபோன குடும்பங்கள் திரும்ப வராத பணத்தைக் கட்டிவிட்டு நிற்பதைப் பார்க்கும்போது எனக்குக் கோபம்தான் வருகிறது.

அரை நாளில் மூன்று அரண்மனைகள் நடக்கவே நடக்காது. சிந்த்ராவின் பெனா அரண்மனை மலை உச்சியில் இருக்கிறது. உள்ளே போக நேரம் குறித்த சீட்டு வேண்டும். அந்த நேரம் பூங்கா கேட்டுக்கு அல்ல, அரண்மனை வாசலுக்கு. கேட்டிலிருந்து வாசல் வரை செங்குத்தான ஏற்றம், நடந்தால் அரை மணி நேரம் ஆகும். அம்மாவை ஏற விடாதீர்கள். பூங்காவுக்குள் ஓடும் சிறு பஸ்ஸில் போங்கள். நேரம் தவறினால் சீட்டு வீண்தான். காலையின் முதல் நேரத்தை, அரண்மனைகளை நிர்வகிக்கும் அமைப்பின் சொந்த இணையதளத்திலேயே வாங்குங்கள். வேறு தளங்களில் 'வரிசையில்லா டிக்கெட்' என்று கூடுதல் விலைக்கு விற்பதும் பெரும்பாலும் இதே நேரச் சீட்டுதான்.

சிந்த்ரா ரயில் நிலையத்தில் இறங்கியதுமே டுக்டுக்காரர்கள் சூழ்ந்துகொள்வார்கள். 'பெனாவுக்குப் போகும் 434 பஸ் இன்று ஓடவில்லை' என்று ஒருவர் சொன்னால் நம்பாமல் நிறுத்தத்துக்கே போய்ப் பாருங்கள். பெனாவுக்குப் பிறகு ஊர் நடுவிலுள்ள தேசிய அரண்மனை போதும். 33 மீட்டர் உயரத்தில் இரண்டு வெள்ளைக் கூம்புப் புகைபோக்கிகள் நிற்கும், அதுதான் அடையாளம். மூன்றாவது அரண்மனையை விடுங்கள்.

தெற்குக் கடற்கரையான அல்கார்வையும் விட்டுவிடுங்கள். அங்குள்ள பெனாகில் கடல் குகைக்குள் இருக்கும் மணலில் இறக்கிவிடுவோம் என்று யாராவது சொன்னால் அது பொய். 2024 முதல் அங்கே இறங்கவும் நீந்திப் போகவும் தடை இருக்கிறது. கடல் வேண்டுமென்றால் சிந்த்ராவிலிருந்து பஸ்ஸில் காபோ ட ரோகா போங்கள். ஐரோப்பிய நிலப்பரப்பின் மேற்கு முனை அதுதான். சுமார் 140 மீட்டர் உயரப் பாறை, கீழே அட்லாண்டிக். காற்று பலமாக அடிக்கும், அம்மாவுக்கு ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள்.

லிஸ்பனில் பெலெம் பகுதிக்கு ஒரு காலைப்பொழுது. ஜெரோனிமோஸ் மடாலயம் திங்கட்கிழமை திறக்காது. 1524-ல் கொச்சியில் இறந்த வாஸ்கோ ட காமாவின் கல்லறை அங்கே மாதா கோயிலுக்குள் இருக்கிறது. அதற்குச் சீட்டு வேண்டாம். மடத்தின் முற்றத்துக்குத்தான் வேண்டும். தெரியாதவர்கள் முற்றத்து வரிசையில் வெயிலில் காத்து நிற்பார்கள். அப்புறம், லிஸ்பனின் 28-ஆம் எண் டிராமில் ஏறினால் பர்ஸ் பத்திரம்.

இன்னொன்று, ஏஜென்ட் சொல்லவே மாட்டார். போர்ச்சுகல் அரசு ரயிலில் 65 வயது நிறைந்தவர்களுக்குப் பாதிக் கட்டணம். அந்நாட்டவருக்கு மட்டும் என்பார்கள், அப்படி இல்லை. பாஸ்போர்ட்டில் வயது தெரிந்தால் போதும், தனி அட்டை வேண்டாம். ஆனால் முன்கூட்டி வாங்கும் சலுகைச் சீட்டோடு இது சேராது. சில நாள் அந்தச் சலுகைச் சீட்டே பாதிக் கட்டணத்தைவிட மலிவாக இருக்கும், அதனால் இரண்டையும் ஒப்பிட்டுவிட்டு வாங்குங்கள். பாதிக் கட்டணத்தில் எடுத்தால் அம்மாவின் பாஸ்போர்ட்டைக் கையிலேயே வைத்திருங்கள், பரிசோதகர் கேட்பார்.

லிஸ்பனிலிருந்து போர்ட்டோவுக்கு விரைவு ரயிலில் சுமார் மூன்று மணி நேரம். இறங்குவது கம்பன்யா நிலையத்தில், நகர மையத்துக்கு உள்ளூர் ரயில் மாற வேண்டும். சேருமிடம் சாவ் பென்டோ நிலையம், அங்கே சுமார் 20,000 நீல ஓடுகளில் சரித்திரக் காட்சிகள். மறுநாள் அங்கிருந்தே டோரோ பள்ளத்தாக்கு வழியாகப் பின்யாவ் என்ற சிற்றூர் வரை ரயிலில் போய்வாருங்கள், ஒரு வழிக்கு இரண்டரை மணி நேரம். ஆறும் எதிர்க்கரைத் திராட்சைச் சரிவுகளும் ஜன்னலிலேயே வந்துகொண்டிருக்கும், அதைப் பார்க்க அம்மா மேடு ஏறி நடக்க வேண்டியதில்லை. போகும்போது வலப்பக்க இருக்கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.